140 டொமைனையும் ஒரே நேம்சர்வரில் கட்டுவது எப்படி?

தம்பி கேட்டது சுருக்கமாக இது. நாச்சியார்கோயிலில் குடும்பத்துக்குக் குத்துவிளக்குக் கடை. அப்பாவும் பெரியப்பாவும் பல வருஷமாக டொமைன் வாங்கிப் போட்டுப் போட்டு இப்போது 140 சேர்ந்துவிட்டது. டொமைன் பதிந்து தரும் மூன்று நிறுவனங்களிடம், அதாவது மூன்று ரெஜிஸ்ட்ராரிடம், சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் போய் ரெக்கார்டு போட்டு மாளவில்லை. எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும் நேம்சர்வர் (டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) ஒரு ஜோடி வைத்து, எல்லா டொமைனையும் அதில் கட்டி, கடையின் முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிட முடியுமா? பைண்ட் என்ற நேம்சர்வர் மென்பொருளில் புள்ளிக்கு ஒரு சோன் (ஒரு பெயருக்குக் கீழே உள்ள ரெக்கார்டுகளின் தொகுப்பு), அதற்குள் ஒரு நட்சத்திரம் (எந்தப் பெயருக்கும் பொருந்தும் * குறி), அவ்வளவுதான் வேலை என்று யாரோ சொன்னார்களாம்.

அப்படிச் செய்தால் ஓடும், ஆனால் அரைகுறையாக ஓடும். அரைகுறையாக ஓடுவதுதான் ஆபத்து தம்பி, சுத்தமாக ஓடாவிட்டால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். நானும் ஒருமுறை அந்த வழியில் போய் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க முழித்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

140 என்றதும் வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் உள்ள தலைவலி அவர்களுக்குத் தெரியாது. 'குத்து' என்பதற்கு டி மட்டுமா, டிஹெச்சா, டிடிஹெச்சா என்று மூன்று வழி. 'விளக்கு'க்கு ஒரு கே, இரண்டு கே. கோயிலுக்கு ஐ போடுகிறவர், ஒய் போடுகிறவர், கோவில் என்று வி போடுகிறவர். பெருக்கினால் 18. டாட் காம், டாட் இன் இரண்டிலும் வாங்கினால் 36. ஊர்ப் பெயரில் கும்பகோணத்தையும் சேர்த்துக்கொண்டால், அதற்கு வெள்ளைக்காரன் காலத்து எழுத்து வேறு தனியாக இருக்கிறது. வாங்கினதில் தப்பில்லை. எத்தனை தேவை என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் யாரையும் எங்கேயும் திருப்பாது. பெயரைச் சொன்னால் ஐபி முகவரியைச் சொல்லும், அதோடு அதன் வேலை முடிந்தது. அந்த முகவரியில் உட்கார்ந்திருக்கும் வெப் சர்வர்தான் 'கடை அங்கே மாறிவிட்டது, அங்கே போங்கள்' என்று 301 (நிரந்தரமாகத் திருப்பும் குறியீடு) சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில், தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் என்று ஒரு மூன்றாவது ஆள் நிற்கிறார். அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நேம்சர்வர் எப்படிப் பொறுப்பேற்கிறது என்பதை நம்ம ஊர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்கிறார்கள் என்றால், அங்கே மதகில் நிற்பவருக்கு உங்கள் வயல் எங்கே என்று தெரியாது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிகின்றன, அப்புறம் கிளை வாய்க்கால், அப்புறம் மடை. ஒவ்வொரு தலைப்பும் அடுத்த தலைப்பு எது என்று மட்டும் காட்டும். ரூட் சர்வர் டாட் இன் சர்வரைக் காட்டும், டாட் இன் சர்வர் உங்கள் நேம்சர்வரைக் காட்டும், கடைசி மடை உங்களுடையது. ரிசால்வர் (உங்கள் போனுக்காகப் பெயரைத் தேடிக் கேட்டுவரும் சர்வர்) அங்கே வந்து கேட்கும்போது ஒரு நினைப்போடுதான் வருகிறது: இந்த ஒரு வயலுக்கு இவர் பொறுப்பு. புள்ளிக்கு சோன் போட்டவர் அந்த வயல் மடையில் உட்கார்ந்துகொண்டு 'நான்தான் மேட்டூர்' என்கிறார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நுட்பமாகவும் அதுதான் நடக்கிறது. எல்லா டொமைன் பெயரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் முடிகிறது. அந்தப் புள்ளிதான் ரூட். உங்கள் சர்வரில் புள்ளிக்கே சோன் வைத்து, அதில் நட்சத்திரத்துக்கு ஒரு ஏ ரெக்கார்டு (ஐபி முகவரி சொல்லும் வரி) போட்டால், உலகத்தில் உள்ள எந்தப் பெயரைக் கேட்டாலும் உங்கள் ஐபியைச் சொல்லும். ஏ ரெக்கார்டு கேட்கும் வரை பிரச்சினை இல்லை. ஆனால் இன்றைய போனும் பிரவுசரும் ஏ மட்டும் கேட்பதில்லை, புதுவகை ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ ('நாலு ஏ') ரெக்கார்டையும் கூடவே கேட்கும். உங்களிடம் அது இல்லை. அப்போது நேம்சர்வர் 'பெயர் இருக்கிறது, இந்த வகை ரெக்கார்டு இல்லை' என்று சொல்லி, ஆதாரமாக, எந்த சோனுக்குப் பொறுப்பு என்று காட்டும் தலைப்பு வரியான எஸ்ஓஏ ரெக்கார்டைக் கூடவே அனுப்ப வேண்டும். எந்த சோன்? புள்ளி. ஒரு டாட் இன் டொமைனைக் கேட்டவரிடம் ரூட்டின் எஸ்ஓஏவை நீட்டினால் அவர் நம்புவாரா? பைண்ட் ரிசால்வர் இதை லாகில் அப்படியே எழுதும்: இந்த எஸ்ஓஏ அந்த சோனுக்குக் கீழே வரவில்லை, செல்லாத பதில். பிறகு கேட்டவருக்கு 'சர்வர் தோல்வி' என்று சொல்லிவிடும். விளைவு, ஒருவர் போனில் தளம் திறக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, நாலு ஏ ரெக்கார்டும் போட்டுவிடுகிறேன் என்பீர்கள். சிஏஏ என்று ஒரு வகை இருக்கிறது, எந்த நிறுவனம் சான்றிதழ் கொடுக்கலாம் என்று சொல்வது. சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டே ஆக வேண்டும். ரெக்கார்டு இல்லை என்ற ஒழுங்கான பதில் வந்தால் கொடுத்துவிடுவார்கள். 'சர்வர் தோல்வி' என்று வந்தால் கொடுக்க மாட்டார்கள். இப்படி இல்லாத வகை ஒவ்வொன்றுக்கும் பொய்யாக ஒரு ரெக்கார்டு வைத்துக்கொண்டே போக முடியாது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. தெரிந்த ஒருவருக்காக அறுபது டொமைனைப் புள்ளி சோனில் கட்டியிருந்தேன். ஓடியது. நேம்சர்வரின் பெயரும் அதே சர்வரில்தானே இருக்கிறது, அதற்கும் ஒரு ஏ ரெக்கார்டு எழுதிவிடுவோம் என்று அந்தப் புள்ளி சோனிலேயே என்எஸ்1-க்கு (முதல் நேம்சர்வர்) ஒரு வரி சேர்த்தேன். நேம்சர்வரின் பெயர் ஒரு டாட் இன் பெயர். ரீலோட் செய்தேன். டாட் காம் எல்லாம் உயிரோடு இருந்தது, டாட் இன் ஒன்றுகூட இல்லை. பெயரே இல்லை என்று என் சர்வரே சொல்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் இடம்) ஏதோ கோளாறு என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு எனக்குத்தான். நட்சத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பலரும், நானும், தப்பாக நினைக்கிறோம். ஒரு பெயர் சோனில் இல்லையென்றால், அந்தப் பெயருக்கு மேலே இருக்கிற மிக நெருங்கிய மூதாதை எது என்று சர்வர் பார்க்கும். அந்த மூதாதைக்கு நேர் கீழே நட்சத்திரம் இருந்தால்தான் அது பேசும், இன்னும் மேலே உள்ள நட்சத்திரம் வாயைத் திறக்காது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4592 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறை ஆவணம்) இதைத் தெளிவாகவே சொல்கிறது. நான் ஒரு டாட் இன் பெயரை எழுதியதும் புள்ளிக்குக் கீழே 'இன்' என்ற கிளை உண்டாகிவிட்டது, அதில் ரெக்கார்டு எதுவும் இல்லாத வெற்றுக் கிளையாக. அதன்பிறகு எந்த டாட் இன் பெயரைக் கேட்டாலும் நெருங்கிய மூதாதை 'இன்'தான், அதன் கீழே நட்சத்திரம் இல்லை. ஒரே வரியில் என் சர்வரில் இருந்த டாட் இன் முழுவதையும் அழித்திருக்கிறேன். டாட் காம் கிளை உண்டாகவில்லை, அதனால் அது பிழைத்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் நேம்சர்வர் என்றால், யார் வேண்டுமானாலும் தன் டொமைனை உங்கள் நேம்சர்வருக்குத் திருப்பலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது. எவனோ குப்பை மெயில் அனுப்பிக் கெட்டுப்போன டொமைன் உங்கள் விளக்குக் கடையில் வந்து இறங்கும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளில் ஒரே வரியில் இதைச் செய்யலாம், கோர்டிஎன்எஸ் என்பதில் டெம்ப்ளேட் வைத்துச் செய்யலாம் என்றெல்லாம் சொல்வார்கள். லாட்ஜ் வைஃபையில் லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிட அந்த ஒரு வரி சரி, பொது இணையத்தில் உள்ள நேம்சர்வருக்கு அது பொருந்தாது.

உங்களுக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் சர்வர் இல்லை, உங்கள் 140-க்கும் ஒரே பதிலைச் சொல்லும் சர்வர். அதற்குப் புள்ளியைத் தொடவே வேண்டாம். உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரே அச்சை வண்டல் மண்ணில் பதித்துப் பதித்துப் பல விளக்குப் பாகம் வார்ப்பார்கள் அல்லவா, அதேதான். (சுவாமிமலைச் சிலைக்கு மெழுகு அச்சு ஒருமுறைக்குத்தான், அது வேறு தொழில்.) பைண்டில் 140 சோனை அறிவியுங்கள், ஆனால் (பின்னால் சொல்லப்போகும் சில தவிர) எல்லாம் ஒரே சோன் கோப்பைக் காட்டட்டும். கோப்புக்குள் எந்த டொமைனின் பெயரையும் எழுதாமல், சோனின் தலையைக் குறிக்கும் @ குறியை மட்டும் வைத்து எழுதினால், எந்த சோன் அதை எடுக்கிறதோ அதன் பெயர் தானாக வந்து உட்காரும். டைனமிக் அப்டேட் (ஓடும்போதே வெளியிலிருந்து ரெக்கார்டு மாற்றுவது) இல்லாத சாதாரண பிரைமரி சோன்களுக்கு (மூலக் கோப்பு தன்னிடமே உள்ளவை) பைண்ட் இதை அனுமதிக்கிறது. டிஎன்எஸ்செக் கையெழுத்தை (பதில் போலியில்லை என்று காட்டும் முத்திரை) பைண்டே போடும்படி வைத்தால் மட்டும் இது ஒத்துவராது, ஒவ்வொரு சோனுக்கும் தனிக் கோப்பு வேண்டும்.

கோப்பின் உள்ளே இவ்வளவுதான் (இங்கே தமிழ் எழுத்தில் காட்டுகிறேன், 203.0.113 என்று தொடங்குவது உதாரணத்துக்கென்றே ஒதுக்கிய முகவரி):

@ → எஸ்ஓஏ, டிடிஎல் 3600 (பதிலை நினைவில் வைக்கும் நேரம், விநாடியில்)
@ → என்எஸ் (நேம்சர்வர்), இரண்டு வரி, முழுப் பெயரும் கடைசியில் புள்ளியும்
@ → ஏ, 203.0.113.10
* → ஏ, 203.0.113.10
@ → எம்எக்ஸ் (மெயில் சர்வர்), 0 .
* → எம்எக்ஸ், 0 .
@ → டிஎக்ஸ்டி (உரை வரி), எஸ்பிஎஃப்: இந்தப் பெயரில் யாரும் மெயில் அனுப்பக் கூடாது
_டிமார்க் → டிஎக்ஸ்டி, கொள்கை: போலி மெயிலை நிராகரி

சோனின் தலையில் சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர் ரெக்கார்டு) வைக்கக் கூடாது, அங்கே எஸ்ஓஏவும் என்எஸ்ஸும் ஏற்கெனவே இருக்கின்றன, சிநேம் வேறு எதோடும் சேர்ந்து இருக்காது. அதனால்தான் நேராக ஏ.

என்எஸ் வரியின் கடைசிப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை விட்டுவிட்டால் நேம்சர்வரின் பெயருக்குப் பின்னால் ஒவ்வொரு டொமைனின் பெயரும் ஒட்டிக்கொள்ளும் என்பது தெரிந்த கதை. நட்சத்திரம் உள்ள சோனில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தப்பு வெளியே தெரியாது. ஒட்டிப்போன அந்தப் பெயருக்கும் நட்சத்திரம் பதில் சொல்லிவிடும், வெப் சர்வரின் ஐபியை. நேம்சர்வரும் வெப் சர்வரும் ஒரே பெட்டியில் இருக்கும் வரை எல்லாம் ஓடும். ஒரு வருஷம் கழித்து வெப் சர்வரை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுவீர்கள், அன்றைக்கு 140-ம் தடுமாறும்.

140 சோன் அறிவிப்பையும் கையால் எழுத வேண்டாம். ஒரு சாதாரண உரைக் கோப்பில் வரிக்கு ஒரு டொமைன் எழுதுங்கள். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் அதைப் படித்து பைண்டின் அமைப்புக் கோப்பை உண்டாக்கட்டும். இந்தப் பட்டியல்தான் உங்கள் பேரேடு. சான்றிதழ் வாங்கவும் ரீடைரக்ட் செய்யவும் இதே பேரேட்டைத்தான் பார்க்கப் போகிறோம். இதில் இல்லாத பெயருக்கு நேம்சர்வர் 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று மறுத்துவிடும். ரிகர்ஷன் (பிறர் பெயரையும் தேடித் தரும் வசதி) கண்டிப்பாக அணைத்திருக்க வேண்டும், அது திறந்திருந்தால் உங்கள் சர்வரை வைத்து ஊரான் மேல் தாக்குதல் நடத்துவார்கள். பதில் வேகக் கட்டுப்பாட்டையும் பைண்டிலேயே போட்டுவிடுங்கள். ஃபயர்வாலில் போர்ட் 53 யுடிபி, டிசிபி இரண்டும் திறந்திருக்க வேண்டும், யுடிபி மட்டும் திறந்துவிட்டு விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது சர்வருக்கு என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். வழக்கமாக செகண்டரி (முதல் சர்வரிடமிருந்து நகல் வாங்கும் சர்வர்) வைத்து சோன் டிரான்ஸ்ஃபர் செய்வார்கள். அதில் புதிதாக ஒரு டொமைன் சேர்ந்தால் செகண்டரிக்கும் சொல்ல வேண்டும். அதைத் தானாக நடத்த கேட்டலாக் சோன் என்ற வசதி பைண்ட் 9.11-இலிருந்து உண்டு, 2023-இல் ஆர்எஃப்சி 9432 ஆகவும் வந்துவிட்டது. அழகான வசதிதான். உங்களுக்கு அது வேண்டாம். சோன் கோப்பு ஒன்று, பேரேடு ஒன்று, இரண்டையும் ஆர்சிங்க் என்ற கருவியால் அடுத்த சர்வருக்கு நகல் எடுத்து, அங்கேயும் அதே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். இரண்டுமே பிரைமரி. மாற்றும்போதெல்லாம் சோனின் சீரியல் நம்பரை ஏற்ற மறந்தோமே என்ற கவலையும் இல்லை. சுமையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இருப்பதிலேயே சின்ன விபிஎஸ்ஸுக்கு (வாடகை சர்வர்) 140 சோன் ஒரு பொருட்டில்லை.

ஆனால் இரண்டையும் ஒரே டேட்டா சென்டரில் வைக்காதீர்கள். கடை மாடியில் பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, அதில் ஒன்றை ஓட்டலாமா என்று யோசித்தால் 2018 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது, மின்கம்பங்கள் சாய்ந்து எத்தனையோ ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. இரண்டு நேம்சர்வரும் இடத்தாலும் நெட்வொர்க்காலும் விலகி இருக்க வேண்டும் என்று 1997-லேயே ஆர்எஃப்சி 2182 சொல்லிவிட்டது. ஒன்று மும்பை, ஒன்று சிங்கப்பூர் என்று வேறு வேறு நிறுவனத்தில் எடுங்கள்.

நேம்சர்வருக்குப் பெயர் வைப்பது அடுத்தது. உங்கள் டொமைன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் கீழே என்எஸ்1, என்எஸ்2. அந்த ஒரு டொமைனை மட்டும் பொதுக் கோப்பில் சேர்க்காமல் அதற்கென்று தனி சோன் கோப்பு எழுதுங்கள், என்எஸ்1, என்எஸ்2-இன் ஏ ரெக்கார்டு அதில் இருக்கட்டும். பிறகு அந்த டொமைனை வாங்கிய ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் 'சைல்ட் நேம்சர்வர்' அல்லது 'பிரைவேட் நேம்சர்வர்' என்று இருக்கும் இடத்தில் இரண்டு பெயரையும் ஐபியையும் பதிய வேண்டும். இதற்குப் பெயர் க்ளூ. என்எஸ்1-இன் முகவரியை என்எஸ்1-இடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. மேலே உள்ள டாட் இன் (அல்லது டாட் காம்) சர்வரிடம் முகவரியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அந்த முடிச்சு அவிழும். இதை ஒரே இடத்தில் ஒருமுறை செய்தால் போதும். மற்ற இரண்டு ரெஜிஸ்ட்ராரிடம் நேம்சர்வரின் பெயரை மட்டும் கொடுக்கலாம்.

இனி வெப் சர்வர். பழைய நாளில் போர்ட் 80-இல் (சாதாரண எச்டிடிபி வாசல்) ஒரு வரி எழுதினால் முடிந்தது. இன்று பிரவுசர் முதலில் பாதுகாப்பான வாசலான எச்டிடிபிஎஸ்ஸைத்தான் தட்டுகிறது. 'அங்கே போ' என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே, தட்டப்பட்ட பெயருக்கான சான்றிதழை நீட்ட வேண்டும். முதன்மைத் தளத்தின் சான்றிதழ் இதற்கு உதவாது. ஆக 140 டொமைனுக்கும், டபிள்யூ மூன்று சேர்த்தால் 280 பெயருக்கும் சான்றிதழ் வேண்டும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் ஒரு சான்றிதழில் 100 பெயர் வரை சேர்க்கலாம், ஆனால் சேர்க்காதீர்கள். அதில் ஒரு டொமைன் காலாவதியானாலும் அந்தச் சான்றிதழின் மொத்தப் புதுப்பித்தலும் நின்றுவிடும். டொமைனுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள்.

இதற்கு எனக்குப் பிடித்தது கேடி என்ற வெப் சர்வர். முதல் ஆள் வந்து கதவைத் தட்டும்போது அந்தப் பெயருக்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் நட்சத்திரம் வைத்திருக்கிறீர்கள். எவனாவது வாய்க்கு வந்த துணைப்பெயர் ஆயிரம் உண்டாக்கித் தட்டினால் ஆயிரம் சான்றிதழ் கேட்கப் போய் நிற்கும், லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு டொமைனுக்கு வாரத்துக்கு 50 புதுச் சான்றிதழ் என்ற வரம்பைக் காட்டி மூடிவிடும். அதனால் கேடியில் 'ஆஸ்க்' என்ற அமைப்பைக் கட்டாயம் வையுங்கள். சான்றிதழ் வாங்கும் முன் அது உங்கள் சின்ன நிரல் ஒன்றைக் கேட்கும், அந்த நிரல் பேரேட்டைப் பார்த்து, வெறும் டொமைனும் டபிள்யூ மூன்றும் என்றால் மட்டும் சரி என்று சொல்ல வேண்டும். நட்சத்திரமே வேண்டாம், டபிள்யூ மூன்றுக்கு மட்டும் ஒரு ஏ வைக்கலாமே என்றால், தாராளமாக. உங்கள் மாதிரிக் கடைக்கு அதுவே நல்லது என்பேன். அப்போது மேலே சொன்ன நட்சத்திர வரி இரண்டையும் எடுத்துவிடுங்கள். மெயிலுக்கான வெற்று எம்எக்ஸ்ஸை டபிள்யூ மூன்றுக்கும் ஒன்று போடுங்கள்.

301-ஐ முதல் நாளே போடாதீர்கள். பிரவுசர் அதை நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டு நினைவில் வைத்துக்கொள்ளும், இலக்கைத் தப்பாக எழுதியிருந்தால் வந்துபோனவரின் கம்ப்யூட்டருக்குள் போய் உங்களால் திருத்த முடியாது. இரண்டு வாரம் 302 (தற்காலிகமாகத் திருப்பும் குறியீடு), எல்லாம் சரி என்றதும் 301. எல்லா டொமைனும் முகப்புப் பக்கத்துக்கே போக வேண்டும் என்றும் இல்லை. வெண்கலம் என்று வரும் பெயர்களை அந்தப் பிரிவின் பக்கத்துக்குத் திருப்புங்கள். பேரேட்டில் டொமைனுக்குப் பக்கத்தில் இலக்குக்கு இன்னொரு நெடுவரிசை சேர்த்தால் முடிந்தது.

மெயில் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நான் பார்த்த ஒரு கடையில் வேண்டாத டொமைன் என்று எல்லோரும் சொன்ன ஒன்றில்தான் ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி சம்பந்தமான மெயில் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் நினைவில்லை, திருப்பி மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் மாற்றும் முன் 140-க்கும் இப்போதைய எம்எக்ஸ், டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளை டிஎன்எஸ்ஸைக் கேட்டுக் காட்டும் டிக் கட்டளையால் இழுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். எம்எக்ஸ் இருப்பதெல்லாம் தனியாக வைக்கப்பட வேண்டியவை, அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்காமல் தொடக் கூடாது. மீதிக்குத்தான் மேலே சொன்ன வெற்று எம்எக்ஸ், '0' என்று போட்டு ஒரு புள்ளி. 2015-இன் ஆர்எஃப்சி 7505 தந்த வசதி அது, 'இங்கே மெயில் வாங்குவதில்லை' என்று நேராகச் சொல்லும். அது இல்லாவிட்டால் மெயில் சர்வர்கள் எம்எக்ஸ் இல்லாத பெயருக்கு ஏ ரெக்கார்டின் முகவரியிலேயே போய்த் தட்டும். உங்கள் வெப் சர்வரில் மெயில் ஏற்க ஆளில்லை, அனுப்பியவருக்கு நாள்கணக்கில் ஒன்றும் தெரியாது. எஸ்பிஎஃப், டிமார்க் வரிகள் உங்கள் பெயரில் பிறர் போலி மெயில் அனுப்புவதைத் தடுக்க. சும்மா கிடக்கும் டொமைனைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடுவார்கள்.

மாற்றும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று டிஎஸ் ரெக்கார்டு, டிஎன்எஸ்செக் கையெழுத்தைச் சரிபார்க்க மேலே வைக்கும் குறிப்பு. பழைய இடத்தில் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் ரெஜிஸ்ட்ரியில் டிஎஸ் இருக்கும். கையெழுத்து இல்லாத உங்கள் புது சோனுக்கு மாற்றினால், சரிபார்க்கும் ரிசால்வர்கள் எல்லாம் கதவைச் சாத்திவிடும். முதலில் டிஎஸ்ஸை எடுங்கள், அதன் டிடிஎல் தீரும் வரை காத்திருங்கள், பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள்.

ஐந்து டொமைனை முதலில் மாற்றுங்கள், டாட் காம் இரண்டு, டாட் இன் மூன்று. டாட் காமில் நேம்சர்வர் குறிப்பின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதுவரை சிலர் பழைய இடத்துக்கே போவார்கள், பழைய ஹோஸ்டிங்கை மறுநாளே நிறுத்திவிடாதீர்கள். சோதிக்கும்போது உங்கள் என்எஸ்1-ஐயும் என்எஸ்2-ஐயும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏ மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாமல் நாலு ஏ, சிஏஏ, எஸ்ஓஏ எல்லாவற்றையும் கேளுங்கள். எஸ்ஓஏ அந்தந்த டொமைனின் பெயரிலேயே வர வேண்டும். பேரேட்டில் இல்லாத ஒரு பெயரையும் கேட்டுப் பாருங்கள், மறுக்க வேண்டும்.

தமிழ் எழுத்திலேயே ஒரு பெயரும் .இந்தியா முடிவும் கொண்ட டொமைன் இரண்டு இருக்கிறது என்றீர்கள். பேரேட்டில் தமிழில் எழுதினால் பைண்டுக்குப் புரியாது, இரண்டு பக்கத்தையும் பியூனிகோடுக்கு (தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தாக்கும் முறை) மாற்றி எழுத வேண்டும். டாட்டுக்கு முன்னால் உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு .இந்தியாவை அப்படியே விடுவது வழக்கமான தப்பு. ஆஸ்க் நிரலுக்கும் பெயர் பியூனிகோடாகத்தான் வரும்.

இவ்வளவையும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால், தப்பில்லை. முப்பது டொமைன் என்றால் நானே இதெல்லாம் வேண்டாம் என்றிருப்பேன். ரெஜிஸ்ட்ராரின் ஃபார்வர்டிங் வசதியே போதும், அதில் எச்டிடிபிஎஸ்ஸும் சேர்த்துத் தருகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், பலர் தருவதில்லை. 140-க்கு சொந்த நேம்சர்வர் நியாயம்தான். ஆனால் மூன்று மாதம் வெப் சர்வரின் லாகைச் சேர்த்துவைத்து, எந்தெந்தப் பெயரில் ஆள் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ரோபோக்களைக் கழித்துவிட்டு எண்ணினால் பாதிக்கு மேல் யாரும் தொடாததாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவற்றை அடுத்த புதுப்பிப்பில் விட்டுவிடலாமா என்பதை வீட்டில் பேசுங்கள். கடையின் சரியான பெயருக்கு ஒரே எழுத்து வித்தியாசத்தில் உள்ளவற்றை மட்டும், ஆள் வராவிட்டாலும், விடாதீர்கள், போட்டிக்காரர் எடுத்துக்கொள்வார்.

விடவே கூடாதது ஒன்று இருக்கிறது, என்எஸ்1, என்எஸ்2-க்குப் பெயர் கொடுத்த அந்த டொமைன். அது காலாவதியானால் 140-ம் ஒரே நாளில் போய்விடும். அதை எடுத்துக்கொண்டவர் கையில் மீதி 139-இன் போக்குவரத்தும் போய்ச் சேரும். அதிகபட்சமாகப் பத்து வருஷத்துக்குக் கட்டலாம், இன்றைக்கே கட்டிவிடுங்கள். பெரியப்பாவின் பழைய மெயில் முகவரியில் அது பதிவாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், நினைவூட்டல் எல்லாம் அங்கேதான் போகும்.